முன்னா பின்னா என்று கணினி குழம்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கும் ஒரு ஆயா, தன் ஒரு நாள் பொழுது எப்படிப் போகிறது என்று எங்களிடம் விவரமாகச் சொன்னார். அதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, எங்கள் மாடலுக்கு, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலுக்குக் கொடுத்தோம். அது அடுக்கிய வரிசையை அவரிடமே படித்துக் காட்டினோம். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "இன்னா கண்ணு, ஐஸ் வாங்கிக்கினுதான ஏலத்தாண்ட போனேன். உன் பொட்டி இன்னாத்துக்கு மாத்திச் சொல்லுது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, வடசென்னைப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் காலக்கோட்டில் அடுக்கும் வேலையை நாங்கள் மூன்று பேர் செய்துவருகிறோம். தமிழ் உரையில் எது முன், எது பின் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க முயல்பவர்கள், தங்கள் மாடல் காட்டும் அறிகுறியை இங்கே தேடி, அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

வேலை மூன்று படிகளாக நடக்கிறது. உரையில் உள்ள நிகழ்வுகளைப் பிடிப்பது முதல் படி. பெரும்பாலும் அவை வினைச்சொற்கள். 'நேற்று', 'ஆடி மாசம்', '2017' போன்ற நேரச் சொற்களைப் பிடித்துத் தேதியாக்குவது அடுத்தது. அப்புறம் இரண்டிரண்டு நிகழ்வாக எடுத்து, முன், பின், ஒன்றாக, ஒன்றுக்குள் ஒன்று என்று உறவு சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கான குறியீட்டு முறையாக டைம்எம்எல் 2000-களின் தொடக்கத்தில் வந்தது. அதன்படி 183 செய்திக் கட்டுரைகளில் மனிதர்கள் கையால் லேபிள் போட்ட தொகுப்புதான் டைம்பேங்க். 2007 முதல் நடந்த டெம்ப்இவால் போட்டிகள் இந்த வேலையைப் பலருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. கற்கும் முறை எளிது: லேபிள் போட்ட இணைகளை ஆயிரக்கணக்கில் காட்டினால், எந்தச் சொல், எந்த விகுதி, எந்த அமைப்பு வந்தால் எந்த உறவு என்று மாடல் தானே பிடித்துக்கொள்ளும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் வரிசை குழம்பினால், மாடலை மாற்றும் முன் வினைச்சொல்லின் வாலைப் பாருங்கள். காலத்தை நம் மொழி அங்கேதான் முடிந்து வைத்திருக்கிறது. அந்த வாலை அறுத்துவிட்டு எவ்வளவு பெரிய மாடலை ஓட்டினாலும் அது ஊகம்தான்.

அறிகுறி: எதைக் கொடுத்தாலும் 'முன்' என்கிறது

துல்லியம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பிழைகளைப் பிரித்துப் பார்த்தால், 'பின்' என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் 'முன்' என்று விழுந்திருக்கும்.

கதை சொல்பவர்கள் பெரும்பாலும் நடந்த வரிசையில்தான் சொல்வார்கள். தமிழில் இது இன்னும் அதிகம். எச்சவினை முன்னால் வரும், முற்றுவினை கடைசியில் வரும்: 'எழுந்து, பல் விளக்கி, டீ குடித்து, கிளம்பினேன்.' உரையின் வரிசையே காலத்தின் வரிசையாக இருக்கிறது. மாடல் இதைப் பார்த்து, 'முதலில் எழுதியிருப்பது முதலில் நடந்தது' என்ற ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

இதைச் சோதிப்பது சுலபம். மாடலே இல்லாமல், எல்லா இணைக்கும் உரை வரிசைப்படி 'முன்' என்று போட்டு மதிப்பெண் பாருங்கள். உங்கள் மாடல் அதைவிடச் சில புள்ளிகள்தான் அதிகம் என்றால், அது நேரத்தைக் கற்கவில்லை. மொத்தத் துல்லியத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் எடுங்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வேலை. ஒவ்வொரு இணையையும் திருப்பிப் போட்டும் ஒரு தடவை பயிற்சிக்குக் கொடுங்கள். லேபிளையும் திருப்ப மறக்கக் கூடாது. அடுத்து, வரிசை புரண்டு வரும் உரைகளைச் சேருங்கள். செய்தி இதற்கு நல்லது, ஏனென்றால் அது கடைசியில் நடந்ததை முதலில் சொல்லும். 28.1.2017 அன்று அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசிந்து கரைக்கு வந்தது. மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளினார்கள். இதையே செய்தியாக எழுதினால் வாளி முதல் வரியில் வரும், மோதல் நாலாவது பத்தியில் வரும். இப்படிப்பட்ட உரையை மாடல் நிறையப் பார்த்தால்தான் 'முதல் வரி முதல் நிகழ்வு' என்ற பழக்கம் விடும்.

அறிகுறி: நிகழ்வுகள் சரியாகப் பிடிபடுகின்றன, உறவு மட்டும் தவறு

இதுதான் எங்களை அதிக நாள் அலைக்கழித்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் முன்செயலாக்கத்தில் வேர்ச்சொல் ஆக்கும் படி இருக்கிறதா பாருங்கள். தேடுபொறி வேலைக்கு அது நல்லது. 'வந்தான்', 'வருகிறாள்', 'வந்ததும்' எல்லாம் 'வா' ஆகிவிட்டால் தேடல் எளிது. காலவரிசைக்கு அதுவே விஷம். எங்கள் முதல் வடிவத்தில் பழைய வேலையிலிருந்து எடுத்து ஒட்டிய இந்தப் படி அப்படியே இருந்தது. அதை நீக்கியதும் ஒன்றிரண்டு பிழைகள் அல்ல, ஒரு வகைப் பிழையே போய்விட்டது.

அந்தப் படி இல்லையென்றால், உரையை மாடலுக்கான துண்டுகளாக வெட்டும் டோக்கனைசரைப் பாருங்கள். யூனிகோடின் UTF-8 வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். 'வந்ததும்' என்ற சின்னச் சொல்லில் 8 குறிகள், ஆக 24 பைட். தமிழை அதிகம் பார்க்காத டோக்கனைசர் இதை எங்கெங்கோ வெட்டும். இந்த ஏழு சொற்களைக் கொடுத்து, எப்படி உடைகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள்: வந்து, வந்தும், வந்ததும், வந்தபோது, வரும்போது, வருவதற்குள், வந்திருந்தான். 'வந்தும் பார்க்கவில்லை' என்றால் வந்த பிறகும் பார்க்கவில்லை என்ற குறை. 'வந்ததும் பார்த்தான்' என்றால் வந்த அடுத்த நொடி. நடுவில் ஒரே ஒரு 'த'. உங்கள் டோக்கனைசர் அந்த 'த'வை எந்தத் துண்டோடு ஒட்டுகிறது என்பதில்தான் மாடலின் பாதி விதி இருக்கிறது.

'கொ' போன்ற எழுத்துகளின் உயிர்க்குறி சில கோப்புகளில் ஒற்றைக் குறியாகவும், சில கோப்புகளில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் ஒரு தடவை ஓட்டிவிட்டு மேலே போங்கள்.

சரி, வால் பத்திரமாக உள்ளே போகிறது, ஆனாலும் குழப்பம் என்றால்? அப்போது விகுதியின் பொருளே இரண்டாக இருக்கலாம். 'செய்து' என்ற எச்சத்தைப் பெரும்பாலும் 'முன்' என்று வைத்துக்கொள்ளலாம்: 'வலையை மடித்து வீட்டுக்குப் போனார்.' ஆனால் 'ஓடி வந்தார்' என்பதில் ஓடியதும் வந்ததும் ஒன்றுதான். எப்படி வந்தார் என்று சொல்கிறது, அவ்வளவே. 'போட்டுப் பார்த்தார்' என்பதில் 'பார்த்தார்' தனி நிகழ்வே கிடையாது, துணைவினை. 'வந்துவிட்டார்' என்பதில் விடவும் இல்லை. எங்கள் மாடல் 'விடுதல்' என்று ஒரு நிகழ்வை உண்டாக்கி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தது. விடு, இரு, கொள், பார், போடு, வை, தொலை என்று துணைவினைப் பட்டியல் ஒன்று வைத்து, எச்சத்தை அடுத்து இவை வந்தால் தனி நிகழ்வாக எண்ணாதே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'வீட்டில் வந்து பார்த்தார்' என்பது போல இவை உண்மையான வினையாகவும் வரும் என்பதால், பட்டியலோடு கொஞ்சம் கைலேபிளும் தேவைப்படும்.

'கொண்டு' இன்னும் நுட்பமானது. 'பேசிக்கொண்டு போனார்' என்றால் பேச்சும் நடையும் ஒரே நேரம். 'மீன் வாங்கிக்கொண்டு போனார்' என்றால் வாங்கியது முன்னால், அப்புறம் அதைக் கையில் வைத்துக்கொண்டு போனது. விகுதி ஒன்றே. வித்தியாசம் வினையின் தன்மையில் இருக்கிறது: பேசு, பாடு, நட, அழு போன்றவை நீளும் செயல்கள், வாங்கு, எடு, ஏற்று போன்றவை சட்டென முடிபவை. வினைகளை இப்படி இரண்டு கூடையாகப் பிரித்து, அதை ஒரு கூடுதல் அடையாளமாக மாடலுக்குக் கொடுத்தோம். எங்கள் வேலையில் குறைந்த உழைப்புக்கு அதிகப் பலன் கொடுத்த திருத்தம் இதுதான்.

பெயரெச்சத்தையும் விட்டுவிடாதீர்கள். 'நேற்று வாங்கிய மீனை இன்று சமைத்தாள்' என்பதில் உரை வரிசையும் கால வரிசையும் ஒன்று. 'நாளை போகும் படகுக்கு இன்றே டீசல் போட்டார்கள்' என்பதில் முதலில் வரும் 'போகும்' கடைசியில் நடப்பது. 'அவர் வருவதற்கு முன் நான் கிளம்பிவிட்டேன்' என்பதும் அப்படித்தான். 'முன்' என்ற சொல் 'கோயிலுக்கு முன் நின்றார்' என்று இடத்தையும் குறிக்கும் என்பதால், அது எதை அடுத்து வருகிறது என்று பாருங்கள்: 'வருவதற்கு' போன்ற தொழிற்பெயரின் பின்னால் வந்தால் நேரம், கோயில், கடை என்று பொருட்பெயரின் பின்னால் வந்தால் பெரும்பாலும் இடம்.

அறிகுறி: செய்தித்தாளில் நன்றாக ஓடுகிறது, காசிமேட்டுப் பேச்சில் விழுந்துவிடுகிறது

ஆயாவின் ஐஸுக்கு இப்போது வருவோம். பதிவில் அவர் சொன்ன வாக்கியம் இது: "அப்பால ஏலத்தாண்ட போனேன், ஐஸ் வாங்கிக்கினு."

இந்த ஐந்து சொற்களுக்குள் மூன்று பொறிகள். 'அப்பால' என்றால் எங்கள் பக்கத்தில் 'அப்புறம்' என்று பொருள். எழுத்துத் தமிழில் பயின்ற மாடலுக்கு அது 'அந்தப் பக்கம்' என்ற இடச்சொல். '-க்கினு' என்பது 'கொண்டு'. மாடல் அதைப் பார்த்ததே இல்லை. மூன்றாவது, பேச்சில் முற்றுவினை முன்னால் வந்து, எச்சம் பின்னால் ஒட்டிக்கொண்டது. எழுத்தில் இப்படி வருவது அரிது. பேசுபவர்கள் ஒன்றைச் சொல்லி முடித்த பிறகு, விட்டுப்போனது நினைவுக்கு வந்து சேர்ப்பார்கள். மாடலுக்கு வேறு எந்தப் பிடியும் இல்லாததால் உரை வரிசையைப் பிடித்துக்கொண்டு, ஏலம் முன், ஐஸ் பின் என்று சொல்லிவிட்டது.

இதைவிட மோசமான ஒன்று 'சொல்ல'. 'நான் வரசொல்ல அவன் இல்ல' என்றால் 'நான் வரும்போது அவன் இல்லை' என்று பொருள். 'போவசொல்லோ', 'தூங்கசொல்ல' என்றும் வரும். இங்கே யாரும் எதையும் சொல்லவில்லை. இது 'போது' என்பதற்கான சொல். எங்கள் மாடல் ஒவ்வொரு இடத்திலும் 'சொல்லுதல்' என்ற நிகழ்வைப் பிடித்தது. ஒரு பெரியவர் 'நான் கடலுக்குப் போவசொல்ல எனக்குப் பதினாலு வயசு' என்றதை, யாரோ அவரைப் போகச் சொன்னதாகவும் அதன் பிறகு அவருக்குப் பதினாலு வயதானதாகவும் போட்டிருந்தது. அவர் வாழ்க்கையையே அது மாற்றி எழுதிவிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரிசெய்யும்போது பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தி எழுதிக் கொடுக்கலாமே என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம், இப்போது வேண்டாம் என்பேன். திருத்துபவர் தன் ஊகத்தை உள்ளே நுழைத்துவிடுகிறார். பின்னால் சேர்த்த எச்சத்தை இழுத்து முன்னால் வைக்கும்போதே வரிசையை அவரே முடிவு செய்துவிடுகிறார். மாடல் கற்க வேண்டிய வேலை அங்கேயே முடிந்துபோகிறது. அதற்குப் பதிலாகப் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு சின்ன அகராதி போடுங்கள்: அப்பால, அப்பாலிக்கா என்றால் பிறகு, மின்னாடி என்றால் முன், -க்கினு என்றால் கொண்டு, வினையோடு ஒட்டிய -சொல்ல, -சொல்லோ என்றால் போது, ஒரு தபா என்றால் ஒரு தடவை. இதை மாடலுக்குக் கூடுதல் குறிப்பாகக் கொடுத்து, கொஞ்சம் உள்ளூர்ப் பேச்சில் லேபிள் போட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தால் போதும். 'அவனை வரச்சொல்லு' என்ற உண்மையான சொல்லுதலும் இங்கே உண்டு என்பதால், இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

அறிகுறி: முடிந்ததாகக் காட்டுவது இன்னும் நடக்கவே இல்லை

டீக்கடையில் நின்று 'தம்பி, ரெண்டு டீ' என்று குரல் கொடுங்கள். 'இதோ வந்துட்டேன்ணே' என்று பதில் வரும். வரவில்லை, ஆனால் இறந்தகாலம். இதை நம் இலக்கணம் நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. இந்த நாலும் அப்படியே மாடலுக்கான பிழைப் பட்டியல்.

'நாளைக்குப் போறேன்' என்பது நிகழ்காலத்தில் சொன்ன எதிர்காலம். 'அந்தக் காலத்துல விடியறதுக்குள்ள போவோம், சாயந்திரம் வருவோம்' என்பது எதிர்கால விகுதியில் சொன்ன பழைய வழக்கம். வயதானவர்கள் பேச்சில் இந்தக் கடைசி வகை கொட்டிக்கிடக்கிறது. மாடலோ எண்பது வயதுக்காரர் நாளை முதல் கட்டுமரம் ஏறப் போகிறார் என்று எழுதும்.

வாக்கியத்தில் நேரச்சொல் இருந்தால் விகுதியைவிட அதற்கு அதிக எடை கொடுங்கள். 'அந்தக் காலத்துல', 'அப்போல்லாம்' போன்ற ஒரு சொல் வந்துவிட்டால், அந்தப் பேச்சுத் துண்டு முடியும் வரை -வோம், -வாங்க, -உம் எல்லாம் வழக்கம் என்று கொள்ளுங்கள். வழக்கமாகச் செய்வதை ஒரு தேதியில் நடந்த நிகழ்வோடு முன்பின் ஒப்பிடாமல், அந்தக் காலகட்டத்துக்குள் அடக்கிவிடுவது நல்லது.

அறிகுறி: தேதி ஒரு நாளோ சில வாரமோ தள்ளிப் போகிறது

சில வாரம் தள்ளினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 'நேற்று', 'போன வெள்ளி' எல்லாம் உரை பிறந்த தேதியிலிருந்து எண்ணப்படுபவை. நாங்கள் அந்த இடத்தில் எழுத்தாக்கிய தேதியைப் போட்டுவிட்டோம். பதிவு நடந்தது மூன்று வாரம் முன்னால். ஆக எல்லா 'நேத்து'வும் மூன்று வாரம் தள்ளிப் போயின. ஒலிக்கோப்பின் தேதியையும் நம்ப வேண்டாம், நகலெடுக்கும்போது அது மாறலாம். பதிவு தொடங்கும்போதே தேதியை வாயால் சொல்லிவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் தள்ளினால் இரவைப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினோம்' என்று படகுக்காரர் சொன்னால், நாட்காட்டிப்படி அது சனிக்கிழமை. நேரச் சொற்களைத் தேதியாக்கும் ஹைடல்டைம் போன்ற விதிமுறை நிரல்களைத் தமிழுக்கு மாற்றிப் பயன்படுத்தும்போதும் இது இடிக்கும், ஏனென்றால் கணினிக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. நம் ஆட்களுக்கு விடியலில் பிறக்கிறது. 'விடிஞ்சா சனிக்கிழமை' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'ராத்திரி' என்ற சொல்லோடு 12 முதல் 3 வரை மணி வந்தால் ஒரு நாள் கூட்டு என்று ஒரு விதி போட்டோம். 'காலைல மூணு மணி' என்று சொன்னால் கூட்டக் கூடாது. ஒரே மணி, ஆனால் சொல்பவர் எந்த நாளை மனதில் வைத்திருக்கிறார் என்பதை அந்த முன்சொல்தான் காட்டுகிறது.

அப்புறம் ஊரின் அடையாள நாட்கள். 'சுனாமி அப்போ' என்றால் 26.12.2004. 'வர்தா அன்னிக்கு' என்றால் 12.12.2016. இவை எளிது. 'தடைக்காலம் முடிஞ்சதும்' எளிது அல்ல. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. 2017 முதல், 2020 நீங்கலாக, 61 நாள், ஜூன் 14 வரை. அதற்கு முன் 45 நாள்தான், மே மாதக் கடைசியிலேயே முடிந்துவிடும். எந்த ஆண்டின் கதை என்று தெரியாமல் இந்தச் சொல்லைத் தேதியாக்கினால் இரண்டு வாரம் தவறும்.

'மெட்ரோ வந்ததுக்கு அப்பால' என்பது இன்னும் சுவையானது. வண்ணாரப்பேட்டைக்காரர் சொன்னால் அது 10.2.2019. விம்கோ நகர் பக்கம் இருப்பவர் சொன்னால் 14.2.2021. சொல்பவரின் ஊரைத் தரவோடு ஒரு தனி நெடுவரிசையில் வைத்திருங்கள். பல இடங்களில் அது கை கொடுக்கிறது.

அறிகுறி: நடக்காதது காலக்கோட்டில் ஏறி நிற்கிறது

'புயல் வராம இருந்திருந்தா அன்னிக்கே கடலுக்குப் போயிருப்போம்.' இதில் போனது யாரும் இல்லை. மாடல் 'போதல்' என்று எடுத்துப் புயலுக்குப் பக்கத்தில் வைக்கும்.

உண்மையில் நடந்தவற்றுக்கு ஒரு கோடு, விருப்பம், ஊகம், நிபந்தனை ஆகியவற்றுக்கு வேறு கோடு என்று பிரித்து, ஒரே கோட்டில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுவது இதற்கு வழி. 2018-இல் வந்த மேட்ரெஸ் தொகுப்பு இந்தப் பல கோட்டு முறையைத்தான் எடுத்துக்கொண்டது. தமிழில் இதற்கான அடையாளங்கள் விகுதியிலேயே இருக்கின்றன: -இருந்திருந்தால், -லாம், -ணும், -ஆமல், 'என்று நினைத்தேன்'. ஒரு எச்சரிக்கை: 'போயிருப்பான்' என்பது தனியாக வந்தால், போனான் என்ற ஊகம், '-இருந்தா'வின் பின்னால் வந்தால் போகவில்லை என்று பொருள். முன்னால் நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்காமல் லேபிள் போடாதீர்கள். 'வந்தாங்களாம்' என்ற கேள்விப்பட்ட செய்தியை நடந்த கோட்டிலேயே வையுங்கள், பக்கத்தில் ஒரு குறிப்போடு.

அறிகுறி: ஒவ்வொரு இணையும் சரிபோலத் தெரிகிறது, கோர்த்தால் வட்டமடிக்கிறது

வலை இழுத்தது கரை சேர்ந்ததற்கு முன், கரை சேர்ந்தது ஏலத்துக்கு முன், ஏலம் வலை இழுத்ததற்கு முன். மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் மாடல் இப்படிச் சொல்லத் தயங்காது, ஏனென்றால் ஒரு இணையைப் பார்க்கும்போது மற்றவை அதற்குத் தெரியாது. 20 நிகழ்வு இருந்தால் 190 இணைகள். வட்டம் எங்காவது நிச்சயம் விழும்.

ஜேம்ஸ் ஆலன் 1983-இல் இரண்டு கால இடைவெளிகளுக்கு நடுவே 13 உறவுகள் மட்டுமே இருக்க முடியும் என்று வகுத்து, இரண்டு உறவுகளைச் சேர்த்தால் மூன்றாவது என்னவாக இருக்கலாம் என்று அட்டவணையும் கொடுத்தார். ஏலம் காலைக்குள், காலை மதியத்துக்கு முன். ஆக ஏலம் மதியத்துக்கு முன். இந்தச் சேர்க்கை விதியை ஓட்டினாலே முரண்கள் வெளியே வந்துவிடும். வந்த பிறகு எதை விடுவது? மேலே சொன்ன மூன்று விடைகளுக்கும் மாடலின் நம்பிக்கை 0.9, 0.8, 0.55 என்று வைத்துக்கொள்வோம், 0.55-ஐத் திருப்பினால் வட்டம் உடையும். சின்ன உரைக்கு இது போதும். பெரிய உரையில் ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று இடிக்கும், அப்போது மொத்த நம்பிக்கையும் அதிகமாக இருக்கும்படி எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கும் முழுஎண் நிரலாக்கம் தேவைப்படும்.

பெரிய மொழி மாடல்களைப் பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். 'ஆ-வுக்கு அ முன்னா?' என்று கேளுங்கள், அப்புறம் 'அ-வுக்கு ஆ பின்னா?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒத்த பதில் வராத இணைகளைத் தனியாக எடுத்து மனிதர் கண்ணுக்குக் கொடுங்கள்.

அறிகுறி: லேபிள் போடுபவர்களே ஒத்துப்போகவில்லை

மாடலை நிறுத்துங்கள். இது முதலில் தீர வேண்டும்.

எங்கள் அறையில் வியாசர்பாடியிலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருவர், ராயபுரத்தில் மீனவக் குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவர். 'வலை பழுது பார்த்தார், பாட்டுப் பாடினார்' என்ற வரிக்கு ஒருவர் 'ஒன்றாக' என்றார், மற்றவர் 'முன்' என்றார். எது முதலில் முடிந்தது என்று உரையில் இல்லை, எனவே இருவரும் ஊகித்தார்கள். செயல் எப்போது முடிந்தது என்பதில்தான் மனிதர்கள் அதிகம் முரண்படுகிறார்கள். எப்போது தொடங்கியது என்பதில் அவ்வளவு இல்லை. மேட்ரெஸ் தொகுப்பு தொடக்கங்களை மட்டும் ஒப்பிட்டதற்கும் இதுதான் காரணம். நாங்களும் 'எது முதலில் தொடங்கியது?' என்ற ஒற்றைக் கேள்விக்கு மாறினோம். வாக்குவாதம் பெருமளவு அடங்கியது.

'தெளிவில்லை' என்ற லேபிள் அவசியம் வேண்டும். 2014-இல் வந்த டைம்பேங்க் டென்ஸ் தொகுப்பு 36 கட்டுரைகளில், ஒரே வாக்கியத்திலோ அடுத்தடுத்த வாக்கியங்களிலோ உள்ள எல்லா இணைக்கும் லேபிள் போட்டது. அதன் ஆறு லேபிள்களில் ஒன்று இதுவே. அது இல்லாவிட்டால் ஆட்கள் எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள், மாடல் அந்தத் தற்செயலைப் பாடமாகப் படிக்கும். அதே நேரம் எல்லாவற்றுக்கும் அதையே போடும் சோம்பலும் வரும். இரண்டு பேரும் 'தெளிவில்லை' என்றால் மட்டும் ஏற்போம். ஒருவர் மட்டும் சொன்னால் உட்கார்ந்து பேசுவோம். ராயபுரத்துப் பெண் பல தடவை வென்றிருக்கிறார், ஏனென்றால் எந்த வேலை எதற்கு முன் நடக்கும் என்று அவருக்குக் கண்ணால் தெரியும். அந்த அறிவு உரையில் இல்லை என்றாலும் லேபிளில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கதை சொன்ன ஆயாவும் கேட்பவருக்கு அது தெரியும் என்று நம்பித்தான் பேசுகிறார்.

அவர் பதிவை, மேலே சொன்ன திருத்தங்கள் எல்லாம் செய்த பிறகு மறுபடி ஓட்டினோம். ஐஸ் ஏலத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு இணை மட்டும் 'தெளிவில்லை' என்று மிச்சம் நின்றது: மழை பிடித்ததும், கூடையைத் தூக்கியதும். லேபிள் போடும் இருவருக்கும் அதில் உடன்பாடு வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் அவரையே கேட்டோம்.

"கூடையைத் தலைல வச்சேன், சொட்டு விழுந்துச்சு. ரெண்டும் ஒண்ணாதான் கண்ணு."

அங்கேயே நின்று 'ஒன்றாக' என்று போட்டுக்கொண்டோம்.